ஆடிப்பட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நூறு விதை எண்ணி ஈரத்தாளில் அடுக்குவது என் வேலை.
ஒன்றின் பூஞ்சை மற்றதைத் தொடாதபடி
இடைவெளி விட்டு.
பெட்டிக்குள் இருபத்தைந்து டிகிரி.
பத்தாம் நாள் கதவைத் திறந்து
முளைத்தது, கோணலாய் முளைத்தது, செத்தது
என்று கட்டங்களில் எண் எழுதுவேன்.
நாலாவதாய் ஒரு கட்டம் உண்டு:
உயிருண்டு, முளைக்கவில்லை.
அங்கே வரும்போது மட்டும்
பேனா கொஞ்சம் நிற்கும்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கையில்
நார்த்டேலிலிருந்து வந்தார் கங்காதரன் நாயக்கர்.
முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி
மார்ச்சில்தான் சாவியைக் கொடுத்தவர்.
ஒரு கையில் அவரை விதைப் பொட்டலம்,
மறு கையில் கிழித்த காலண்டர் தாள்.

"கோயில்ல குடுத்தது. சிவகாசியில அச்சடிச்சது.
ஆடிப்பட்டம் தேடி விதைன்னு போட்டிருக்கு, பாருங்க.
தேடித்தான் விதைச்சேன்.
மூணு வாரமாச்சு, ஒண்ணும் தலை தூக்கலை.
கடைக்காரன் ஏமாத்திட்டான்.
எழுதிக் குடுங்க."

எழுதப் பத்து நாள் ஆகும் என்றேன்.
படியில் நின்று சில்லறை தேடும் பயணிக்காக
எத்தனை முறை காத்திருந்திருப்பாரோ,
அதே முகத்தோடு தலையசைத்தார்.

நாலாம் நாள் மின்சாரம் போனது.
அட்டவணையில் இரண்டு மணி நேரம்,
சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை.
பெட்டி இறங்கிற்று: இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாலு.
லெங்கிவே தன் கம்பளிச் சால்வையை அதன்மேல் போர்த்தினாள்.
"விதிமுறைப் புத்தகத்தில் சால்வை இல்லை" என்றேன்.
"அப்படியானால் எழுதாதே."

வேர்முனைகள் நின்ற இடத்திலேயே நின்றன,
சிவப்பு விளக்கில் பஸ் நிற்பதுபோல்,
எஞ்சின் அணையாமல்.

அந்த நூறைக் கணக்கில் விட்டுவிட்டு
புதிதாய் நூறு வைத்தேன்.
தொண்ணூற்றொன்று முளைத்தன. மூன்று கோணல். நாலு செத்தவை.
நாலாம் கட்டத்தில் இரண்டு.

விதைமேல் குற்றமில்லை என்பதைத்
தாளில் அனுப்ப மனம் வரவில்லை.
காலை ஆறு மணிக்கு அவர் கொல்லையில் நின்றேன்.
கம்பிவேலியில் உறைபனி, தண்ணீர்க் குழாய்க்குள் கண்ணாடி.
வெப்பமானியை மண்ணில் செருகினேன்.
ஒன்பது.
விரலால் கிளறியதில் ஒரு விதை வந்தது,
ஊதி, கொழகொழத்து, புளித்த வாடையோடு.
குடிக்கச் சொன்னதும் குடித்திருக்கிறது.
பிறகு வரவேண்டிய சூடு வரவில்லை.

"ரெண்டு வேளையும் ஊத்தினேனே!"
"அதுதான்."

அவர் காலண்டர் தாளைப் பார்த்தார்.
"அப்போ பழமொழி பொய்யா?"
"பொய்யில்லை. அங்கே அது சரி.
நம்ம மண்ணு எத்தனை டிகிரின்னு
சிவகாசிக்கு யார் சொன்னாங்க?"

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அப்போது மேட்டில் தீத்தடுப்புக்காகப் புல்லைக் கொளுத்தினார்கள்.
புகை பள்ளத்தாக்கில் இறங்கி
காயப்போட்ட துணியில் எல்லாம் ஏறியது.
அந்தப் புல்வெளி விதைகளில் சில
தண்ணீருக்கு அசையாது, வெயிலுக்கும் அசையாது.
புகை வாசம் பட்டால்தான் விழிக்கும்.
லெங்கிவே அவற்றுக்காகப் புகையைப் பாட்டில் தண்ணீரில் கரைத்து
பெயர் ஒட்டி வைத்திருக்கிறாள்.
இரண்டு வாரத்தில் அந்தக் கரியில்
இலைகூட இல்லாமல் சிவப்பாய் அல்லி நிற்கும்.
இதையெல்லாம் நாயக்கரிடம் சொன்னேன்.

"அவரைக்கும் கொஞ்சம் புகை போடலாமா?"
"வேண்டாம். மழை வரட்டும்.
மண்ணு கையில சுடாம, குளிராம இருக்கணும்."
சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
ஆடி என்பதை அடித்து
ஐப்பசி என்று எழுதினார்.
கேள்விக்குறியும் போட்டார்.

நாலாம் கட்டத்து இரண்டையும் நான் குப்பையில் போடவில்லை.
லெங்கிவே நகம் ராவும் அரத்தால்
தோலில் லேசாய் ஒரு கீறல் வைத்தாள்.
ஜன்னலோரம் டீக் கோப்பையில், ஈரப் பஞ்சின்மேல் கிடந்தன.

ஒன்று நேற்று வாய் திறந்தது.
அறிக்கை திங்கட்கிழமையே தபாலில் போய்விட்டது.